புத்தகம் எது, கடிதம் எது: மலிவுத் தபால் விதிகளும் திருகோணமலையின் எழுத்தும்

1960இல் சி. சு. செல்லப்பா சென்னையிலிருந்து நடத்திய ‘எழுத்து’ இதழில் ‘நான்’ என்றொரு கவிதை வெளியானது. எழுதியவர் தருமு சிவராமு. பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்ட அவருக்கு அப்போது இருபது வயதளவு. பிறந்து வளர்ந்த திருகோணமலையிலேயே இருந்தார். 1970களின் தொடக்கத்தில் தமிழகம் போய்ச் சேரும்வரை புதுக்கவிதை பற்றியும் விமர்சனம் பற்றியும் அவர் சென்னையோடு நடத்திய உரையாடல் தபால் பைக்குள்தான் நடந்தது. கையெழுத்துப் பிரதி இங்கிருந்து அங்கே போனது. அச்சான இதழ் அங்கிருந்து இங்கே வந்தது.

இரண்டும் ஒரே கடலைத்தான் கடந்தன. ஆனால் தபாற் கந்தோரின் கண்ணுக்கு அவை இரு வேறு பொருள்கள். மையால் எழுதி உறையிலிட்டு ஒட்டியது கடிதம். அச்சிட்டு, உள்ளே இருப்பது தெரியும்படி கட்டியது அச்சிட்ட பொருள். முதலாவதற்கு முழுக் கட்டணம், இரண்டாவதற்கு அதில் ஒரு சிறு பங்கு. இந்த எல்லைக்கோட்டை யார் வரைந்தார்கள், அது காலப்போக்கில் எப்படி நகர்ந்தது, பெரிய அச்சகங்களும் வெளியீட்டு நிறுவனங்களும் இல்லாத ஒரு துறைமுகப் பட்டினத்தின் எழுத்தை அது எப்படித் தாங்கியது என்பதே இக்கட்டுரையின் பொருள். மலிவுக் கட்டணத்துக்கான தகுதி முதலில் கட்டிய விதத்தைப் பார்த்தும், பிறகு உள்ளே இருந்த எழுத்தைப் பார்த்தும், அதன்பின் வெளியிடும் கால இடைவெளியைப் பார்த்தும், இப்போது நூலின் நோக்கத்தைப் பார்த்தும் தீர்மானிக்கப்படுகிறது. ஒவ்வொரு நகர்விலும் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உள்ளூர்க் கவுண்டரிலிருந்து தலைநகரக் கோப்புக்கு இடம்பெயர்ந்தது. அதில் இழந்தவை பெரும்பாலும் சிறிய வெளியீடுகளே என்பது என் வாதம்.

ஆறு பென்ஸ் கணக்கு

பிரித்தானியாவில் 1840இல் ரோலண்ட் ஹில்லின் ஒரு பென்னித் தபால் நடைமுறைக்கு வந்தபோது கடிதம் எழுதுவது ஏழைக்கும் கைகூடியது. அரை அவுன்சுக்கு ஒரு பென்னி, ஒரு அவுன்சுக்கு இரண்டு, அதற்கு மேல் அவுன்சுக்கு இரண்டு இரண்டாக ஏறியது. கடிதத்துக்கு இது மலிவு. அதே விகிதத்தில் ஒரு இறாத்தல் எடையுள்ள புத்தகத்தை அனுப்பினால் 32 பென்ஸ் ஆகும். அனுப்பும் கூலியே புத்தகத்தின் விலையோடு போட்டியிடும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 1848இல் புத்தகத் தபால் என்ற தனி வகை பிறந்தது. ஒரு இறாத்தல் வரை ஆறு பென்ஸ்.

சலுகை சும்மா வரவில்லை. கட்டுக்குள் ஒரே ஒரு நூல்தான் இருக்கலாம், உறையின் இரு முனைகளும் திறந்திருக்க வேண்டும், கையால் எழுதிய எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. இந்தக் கண்டிப்புக்குப் பழைய அனுபவம் காரணம். பென்னித் தபாலுக்கு முந்திய காலத்தில் முத்திரை வரி கட்டிய செய்தித்தாள் இலவசமாகத் தபாலில் போனது; மக்கள் அதில் வேண்டிய எழுத்துகளின் கீழே ஊசியால் துளையிட்டுத் தங்கள் செய்தியை அனுப்பினார்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நலம் விசாரிப்பு தெரியும். தபால் திணைக்களம் அஞ்சியது இதைத்தான்: புத்தகத்தின் முதுகில் ஏறிக் கடிதம் பயணம் செய்துவிடும்.

1855இல் நான்கு அவுன்சுக்கு ஒரு பென்னி என்று கட்டணம் இறங்கியது, நிபந்தனைகளும் தளர்ந்தன. திறந்த முனை மட்டும் அசையவில்லை. தமிழர் வீடுகளில் இன்றும் அதன் சுவடு இருக்கிறது. மூலையில் மஞ்சள் தடவிய கலியாண அழைப்பிதழின் உறையை ஒட்டாமல், மடிப்பை உள்ளே செருகித் தபாலில் சேர்ப்பது சகுனம் கருதி வந்த வழக்கமல்ல. திறந்திருந்தால் குறைந்த முத்திரை போதும் என்ற தபால் விதியிலிருந்து வந்தது. கோயில் திருவிழா விஞ்ஞாபனமும் சங்கத்தின் கூட்ட அறிவித்தலும் அப்படியே போயின. நூல்களை மண்ணிறத் தாளில் நடுவயிற்றைச் சுற்றிப் பட்டியாகக் கட்டி, சணல் நூலால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கி, இடது மேல்மூலையில் ‘புக் போஸ்ட்’ என்று எழுதுவார்கள். அட்டையின் இரு ஓரங்களும் வெளியே தெரியும். தபால் அதிபர் வேண்டுமானால் நூலை உருவியெடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகலாம். தகுதிச் சோதனை முழுவதும் அந்தக் கவுண்டரிலேயே முடிந்தது.

பேர்ண் நகரில் வகுத்த இலக்கணம்

1874இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை உலகின் பெரும்பகுதியை ஒரே தபால் பிரதேசமாக்கியது. இந்தியா 1876 யூலையிலும் இலங்கை 1877 ஏப்ரலிலும் அதில் சேர்ந்தன. உடன்படிக்கையின் பொதுக் கட்டணம் கடிதத்துக்கு 15 கிராமுக்கு 25 சென்டீம்; செய்தித்தாள், தைத்த அல்லது கட்டிய நூல், துண்டுப்பிரசுரம், இசைத்தாள், விலைப்பட்டியல் போன்ற அச்சிட்ட பொருள்களுக்கு 50 கிராமுக்கு 7 சென்டீம். ஐம்பது கிராம் கடிதம் முழுதாக ஒரு பிராங்க் கேட்டது. அதே எடையுள்ள சிறுநூல் அதில் பதினான்கில் ஒரு பங்கைத்தான் கேட்டது. 1878இல் பாரிசில் கூடிய மாநாடு அந்த 7 சென்டீமையும் 5 ஆக்கியது. அண்டை நாடுகள் தமக்குள் கட்டணத்தை இன்னும் குறைத்துக்கொள்ள, அந்த உடன்படிக்கையால் உருவான உலகத் தபால் ஒன்றியம் இடம் விட்டிருந்தது. ஆகவே இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே காலத்துக்குக் காலம் கட்டணத் தொகை வேறாகலாம். வகைப்பாடு மட்டும் பொது.

இந்த வகைப்பாட்டின் நுணுக்கங்களைத் தமிழ் அச்சு வரலாற்றாளர்கள் இன்னும் உரிய அளவு கவனிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மூன்று விதிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, எது அச்சு என்ற கேள்வி. தட்டச்சுப் பொறியில் அடித்த ஒற்றைத் தாள் அச்சாகக் கொள்ளப்படவில்லை, அது கடிதமே. ஆனால் தட்டச்சிலோ கையெழுத்திலோ உள்ள மூலத்தை இயந்திர முறையில் படியெடுத்து, ஒன்றுபோல் இருக்கும் 20 பிரதிகளையாவது கவுண்டரில் நேரே ஒப்படைத்தால் அச்சிட்ட பொருளாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று விதி வளர்ந்தது. இது பெரிய மாற்றம். ஈய எழுத்தும் அச்சு மையும் அளவுகோலாக இருந்த இடத்தில் பிரதிகளின் எண்ணிக்கை வந்து நின்றது. பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் ரோனியோவில் உருட்டியெடுத்த சஞ்சிகைகளைச் செய்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். மெழுகுத்தாளில் எழுத்தாணியால் கீறி, உருளையைச் சுற்றி, மை காயாத தாள்களைப் பாயில் பரப்பிய பின் அவர்கள் கையில் இருந்தது தபால் விதிப்படி ஒரு பதிப்பு.

இரண்டாவது, கையெழுத்து எந்த அளவு செல்லும் என்ற கேள்வி. நூலில் ஆசிரியர் அன்பளிப்பு எழுதிக் கையொப்பமிடலாம். ஒரு பத்தியைக் கோடிட்டுக் காட்டலாம். அச்சிட்ட வாழ்த்து மடலில் ஐந்து சொற்களுக்குள் வாழ்த்து எழுதலாம்; ஆறாவது சொல் அதைக் கடிதமாக்கிவிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது அச்சுப்படிவத்துக்குக் கிடைத்த விலக்கு. திருத்தவேண்டிய படிவத்தோடு மூலக் கையெழுத்துப் பிரதியையும் சேர்த்து அனுப்பலாம். பிழைதிருத்தம், நூலின் வடிவம், அச்சிடும் முறை ஆகியவை பற்றிய குறிப்புகளை ஓரத்தில் எழுதலாம். இடம் போதாவிட்டால் தனித்தாளிலும் எழுதலாம். அத்தனையும் அச்சிட்ட பொருளின் கட்டணத்தில்.

மூன்றாவது, இன்னும் அச்சேறாத எழுத்து. ‘அலுவற் பத்திரங்கள்’ என்றொரு இடைநிலை வகை இருந்தது. விலைச்சிட்டை, உறுதி, கப்பற் பத்திரம் போன்றவற்றோடு, தனியாக அனுப்பப்படும் நூல் அல்லது பத்திரிகைக் கையெழுத்துப் பிரதியும், மாணவரின் திருத்திய பயிற்சிக் கொப்பிகளும் அதில் அடங்கின. 1878இன் விதிப்படி இவ்வகைக்குக் குறைந்தபட்சம் ஒரு கடிதத்தின் 25 சென்டீம் கட்டவேண்டும்; அதற்கு மேல் அச்சிட்ட பொருளின் விகிதம். அரைக் கிலோ எடையுள்ள நாவல் பிரதி கடிதமாகப் போனால் எட்டரை பிராங்க். இவ்வகையில் போனால் அரைப் பிராங்க். பதிப்பாளருக்கு ஒரு வரி கடிதம் உள்ளே வைத்தால் இந்தச் சலுகை கெட்டது. எழுத்தாளர் நூலை ஒரு கட்டாகவும் வேண்டுகோளைத் தனிக் கடிதமாகவும் அனுப்பவேண்டியிருந்தது.

அச்சகம் தூரத்தில்

திருகோணமலைக்கு இந்த விதிகள் ஏன் பெரிதாகப் பட்டன என்பதைப் பட்டினத்தின் இருப்பு விளக்கும். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று, பிரித்தானியக் கடற்படையின் கோட்டை; ஆனால் தமிழ் அச்சின் மையங்கள் வேறிடத்தில் இருந்தன. அமெரிக்க மிசனரிமார் ‘உதயதாரகை’யை 1841இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கினர். ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவினார். ‘இந்து சாதனம்’ 1889இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. கடலுக்கு அப்பால் சென்னை இருந்தது. திருகோணமலையில் எழுதுகிறவர் தன் எழுத்தை அச்சில் காண இவ்விரண்டில் ஒன்றை நோக்கித்தான் திரும்பவேண்டும்.

அப்படியிருந்தும் ஈழத்தின் ஆரம்ப நாவல்களில் இரண்டு இந்தப் பட்டினத்தோடு தொடர்புள்ளவை. 1885இல் வந்த சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திர’த்தை அடுத்து, திருகோணமலையைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வந்தது. திருகோணமலையில் பிறந்து சென்னையில் வாழ்ந்த த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் அங்கே அச்சானது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைப் பலரும் குறிப்பிடுவர். அவருடைய தமையனார் தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் சென்னைக்குப் போய்த் தமிழ்ப் புலமையில் பெயர் பெற்றவர். ஆளே சென்னைக்கு இடம்பெயர்வது ஒரு வழி. எழுத்தை மட்டும் தபாலில் அனுப்புவது மற்ற வழி. சகோதரர் இருவரும் முதல் வழியில் போனார்கள். இரண்டாவது வழியைத் திறந்து வைத்தது மேலே சொன்ன படிவ விலக்கும் கையெழுத்துப் பிரதி விதியும்தான். ஊரை விட்டுப் போக வசதியில்லாத ஆசிரியர், பண்டிதர், உபதேசியார் ஆகியோர் தம் நூலை அச்சேற்ற முடிந்ததற்கு அச்சகத்தின் தாராளம் எவ்வளவு காரணமோ, அதே அளவுக்கு இந்த விதிகளும் காரணம் என்று கணிக்கிறேன்.

பாதை எளிதல்ல. வடக்கு நோக்கியும் தெற்கு நோக்கியும் காட்டுவழி. தபாலோட்டக்காரரும் மாட்டுவண்டியும் நீண்ட காலம் பைகளைச் சுமந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீவைச் சுற்றிவந்த ‘லேடி ஹவ்லொக்’, ‘லேடி கோர்டன்’ போன்ற கரையோர நீராவிக் கப்பல்கள் உதவின. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கப்பற் சேவை தொடங்கியபோது சென்னைக்கும் இலங்கைக்கும் நடுவே ரயிலும் கப்பலும் ரயிலுமாக ஒரு தொடர் கிடைத்தது; மக்கள் ‘போட் மெயில்’ என்றார்கள். 1927இல் கல் ஓயாவிலிருந்து திருகோணமலைக்கு ரயில் பாதை வந்த பிறகே பட்டினம் அந்தத் தொடரில் முழுமையாக இணைந்தது. எடையால் கட்டணம் அளக்கும் காலம் வந்துவிட்டாலும், எடையைச் சுமப்பவன் யார் என்பது நாட்கணக்கைத் தீர்மானித்தது. மலிவு வகை என்றால் எப்போதும் தரைவழி, கடல்வழி. அவசரத்துக்கு அது உரிமை கோர முடியாது.

பட்டினத்தோடு பாதை முடிந்துவிடவில்லை. ‘தோணி’ சிறுகதைத் தொகுதியால் அறியப்பட்ட வ. அ. இராசரத்தினத்தின் மூதூர் கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் இருந்தது. லோஞ்ச் ஓடினால் பட்டினத்தோடு தொடர்பு. கடல் கொந்தளித்தால் இல்லை. தரைவழியே போனால் ஆறுகளும் பாதைப் படகுகளும். கிண்ணியாவின் பாலம் திறக்கப்பட்டது 2009இல்தான். அப்படியொரு கரையில் இருந்துகொண்டு அவர் ஈழத்துச் சிறுகதையின் முன்வரிசைக்கு வந்தார்.

நூல் வாங்குவதற்கும் இதே பைதான். இந்தியாவில் 1877இல் தொடங்கிய வி.பி.பி. முறை வாசகன் பொதியைப் பெறும்போதே பணம் கட்ட வழிசெய்தது. பழைய தமிழ் நூல்களின் பின்னட்டை விளம்பரங்களில் விலையை அடுத்துத் ‘தபாற்கூலி’ என்று ஒரு தொகை நிற்கும். நூலைப் பற்றிய புகழ்ச்சியைவிட அந்தத் தொகை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதிப்பாளர் உள்ளூர் வாசகரை மட்டுமன்றி, ரயில் முடியும் இடத்துக்கு அப்பால் இருப்பவரையும் மனத்தில் வைத்திருந்தார் என்பதற்கு அது சாட்சி.

முப்பத்தொரு நாள்

நூலுக்குத் திறந்த முனை போதுமானதாக இருந்தபோது பத்திரிகைக்கு வேறொரு வாசல் அமைந்தது. அரசுக்குப் பத்திரிகை மீது இரட்டை அக்கறை: செய்தி பரவவேண்டும், அச்சிடுபவர் யாரென்றும் தெரியவேண்டும். இலங்கையில் 1839ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பத்திரிகைக் கட்டளைச் சட்டம் அச்சிடுபவரும் வெளியிடுபவரும் பிரகடனம் செய்யக் கோரியது. 1885ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் நூல்களையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. 1908ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தபாற் கந்தோர்க் கட்டளைச் சட்டம் தபால் ஆட்சியின் அடிப்படையாயிற்று. இன்றைய நடைமுறையும் அதன் மேல்தான் நிற்கிறது. ஈழத்துச் சிற்றிதழ் ஒன்றின் கடைசிப் பக்கத்தையோ உள்ளட்டையையோ பார்த்தால், இலங்கைத் தபால் திணைக்களத்தில் செய்தித்தாளாகப் பதியப்பட்டது என்ற வரியும், நடுவில் ‘நியூஸ்’ என்ற சொல்லும் இறுதியில் ஆண்டும் கொண்ட ஓர் இலக்கமும் இருக்கும். கவிதையும் சிறுகதையும் மட்டுமே தாங்கிய இதழாக இருந்தாலும் தபாலுக்கு அது ‘நியூஸ்’.

இந்தியாவின் விதி இன்னும் தெளிவாக எழுதப்பட்டது. 1898ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, அரசியல் அல்லது பிற செய்திகளையும், அவற்றை அல்லது நடப்பு விடயங்களைப் பற்றிய கட்டுரைகளையும் முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ கொண்ட வெளியீட்டைப் பதியத்தக்க செய்தித்தாள் என்றது. இரண்டு நிபந்தனைகள்: 31 நாளுக்கு மேற்படாத இடைவெளியில் வரவேண்டும், உண்மையான சந்தாதாரர் பட்டியல் இருக்கவேண்டும். பதிவு பெற்றால் கிடைக்கும் கட்டணம் புத்தகத் தபாலையும் விட மிகக் குறைவு.

இந்த விதியை ‘எழுத்து’வின் மேல் வைத்துப் பாருங்கள். 1959 சனவரியில் தொடங்கிய அந்த இதழ் கடைகளில் தொங்கவில்லை. 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்ற தீர்மானத்தோடு சந்தாதாரரை நம்பியே வந்தது. உண்மையான சந்தாதாரர் பட்டியல் என்ற நிபந்தனைக்கு இதைவிடப் பொருத்தமான இதழ் இருந்திருக்க முடியாது. ஆனால் 31 நாள் நிபந்தனை பணத்தையும் உடலுழைப்பையும் மாதந்தோறும் கேட்டது. செல்லப்பா தன் கைப்பணத்தை இழந்து நடத்திய இதழ் இறுதிக் காலத்தில் காலாண்டிதழாகி, 119 இதழ்களோடு 1970இல் நின்றது. மாத இதழ் காலாண்டிதழாகும்போது ஆசிரியர் இளைப்பாற இடம் கிடைக்கிறது. அதே கணத்தில் தபால் விதி அதைச் செய்தித்தாள் வரிசையிலிருந்து நீக்குகிறது. எப்போது ஒரு சிற்றிதழுக்குச் சலுகை அதிகம் தேவையோ அப்போதுதான் அது பறிபோகிறது. நடப்பு விடயம், குறித்த தவணை, நிலையான முகவரிப் பட்டியல் ஆகிய மூன்றும் நாளிதழையும் வார இதழையும் கண்முன் வைத்து எழுதப்பட்டவை. கவிதைக்குத் தவணை கிடையாது.

பிரமிளின் கதைக்குத் திரும்பினால் விதியின் இரண்டு முகமும் தெரியும். சென்னையிலிருந்து வந்த இதழ் மலிவுக் கட்டணத்தில் வந்தது. அதனால்தான் துறைமுகப் பட்டினத்து இளைஞர் ஒருவருக்கு அது கட்டுப்படியானது. அவருடைய கவிதையும், நீண்ட விமர்சனக் கட்டுரையும், ஆசிரியருக்கான வாதமும் ஒரே உறையில் போயிருந்தால் அது முழுக் கடிதம். வாசகராக இருந்தவரைத் தபால் விதி தாங்கியது. எழுத்தாளராக மாறியதும் அவர் முழுக் கட்டணம் செலுத்தினார். நவீனத் தமிழ்க் கவிதைக்குத் திருகோணமலை கொடுத்தது எழுத்து மட்டுமல்ல, முத்திரைக் காசும்தான் என்பேன்.

1970களில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை இலங்கை அரசு கட்டுப்படுத்தியபோது உள்நாட்டுச் சஞ்சிகைகளுக்கு வாசகர் பெருகினர். 1966இல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘மல்லிகை’ போன்றவை தபால் வழியே கிழக்கை அடைந்தன. பிறகு போர். 1990 முதல் 2002 வரையும், 2006 ஓகஸ்ட் முதல் 2009 வரையும் ஏ-9 வீதி மூடப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்கான பொருளும் ஆளும் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறின. பாதையே இல்லாதபோது கட்டண வகைக்கு என்ன பெறுமதி? அந்த ஆண்டுகளைத் தபால் விதிகளைக் கொண்டு விளக்க முயல்வது தவறு.

நோக்கத்தைக் கேட்கும் காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உலகெங்கும் இன்னொரு அளவுகோல் எழுந்தது: இந்த அச்சு எதற்காக? 1938இல் அமெரிக்க சனாதிபதி ரூஸ்வெல்ட் நூல்களுக்கு இறாத்தலுக்கு ஒன்றரை சதம் என்ற நாடளாவிய கட்டணத்தைப் பிரகடனம் செய்தார். நூல் என்பது குறித்த அளவு பக்கம் கொண்டிருக்கவேண்டும், வேறு நூல்களைப் பற்றிய அறிவித்தல் தவிர விளம்பரம் கூடாது என்பது அங்கே வேரூன்றியது. 1952இல் பிரசல்ஸ் மாநாட்டில் உலகத் தபால் ஒன்றியம் விழிப்புலனற்றோருக்கான நூல்களுக்குக் கட்டணமே வேண்டாம் என்று தீர்மானித்தது. இதைவிட நியாயமான விதியைத் தபால் வரலாற்றில் நான் அறியேன். பிரெய்ல் நூல் ஒன்று சாதாரண நூலைவிடப் பல மடங்கு பருமன். எடைக்கணக்கு அதன் வாசகரைத் தண்டித்துக்கொண்டிருந்தது.

ஆனால் நோக்கத்தைக் கேட்கத் தொடங்கினால் யாரோ ஒருவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். இந்தியாவின் அண்மைய அனுபவம் இதைக் காட்டுகிறது. 2023ஆம் ஆண்டின் புதிய அஞ்சலகச் சட்டம் 2024 யூனில் நடைமுறைக்கு வந்து 1898இன் சட்டத்தை நீக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் பதிவுப் புத்தகத் தபால் சேவை திடீரென நிறுத்தப்பட்டது. சென்னையிலும் கோவையிலும் சிறு பதிப்பகம் நடத்துவோர் மட்டுமன்றி, ஒற்றை நூலைத் தபாலில் வரவழைக்கும் சிற்றூர் வாசகரும் இதில் அடிபட்டனர். எதிர்ப்பு எழுந்தது. 2025 மே முதலாம் திகதி ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவை வந்தது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், தரைவழி மட்டும். பாடநூல்களும் சமூக, பண்பாட்டு, சமய நூல்களும் தகுதி பெறும்; அச்சகத்தார் அல்லது பதிப்பாளரின் பெயர் நூலில் இருக்கவேண்டும்; வணிக நோக்குள்ளவையும் பருவ இதழ்களும் தகுதி பெறா.

கட்டணம் வரவேற்கத்தக்கது. வரையறைதான் கவலை தருகிறது. காலாண்டிதழ் ஒன்று பழைய சட்டத்தில் 31 நாள் விதியால் செய்தித்தாள் வரிசையிலிருந்து விழுந்தாலும், திறந்த முனைப் புத்தகத் தபால் அதை ஏந்திக்கொண்டது. இப்போது பருவ இதழ் என்ற காரணத்தால் நூல் வாசலிலும் அதற்கு இடமில்லை. கவிதைத் தொகுதி ஒன்று சமூக நூலா, பண்பாட்டு நூலா, விற்பனைக்கு வந்ததால் வணிக நூலா? இரு முனையும் திறந்திருக்கிறதா என்று பார்க்கத் தபால் ஊழியருக்குக் கண் போதும். இந்தக் கேள்விக்கு அவர் மேலிடத்தைக் கேட்கவேண்டும்.

இலங்கையில் நெருக்கடி வேறு திசையிலிருந்து வந்தது. 2022இல் அச்சுத்தாள் இறக்குமதிக்கே டொலர் இல்லாத நிலை. அந்த ஓகஸ்ட் 15ஆம் திகதி தபால் கட்டணங்கள் உயர்ந்தபோது சாதாரணக் கடிதத்தின் முத்திரை 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவானது. கடிதம் எழுதுவோர் தொலைபேசிக்கு மாறிவிடலாம். இதழ் நடத்துவோருக்கு அந்த மாற்று முழுமையாக இல்லை. 2007இல் திருகோணமலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘நீங்களும் எழுதலாம்’ போன்ற ஒரு கவிதைச் சிற்றிதழின் உலகத்தை எண்ணிப் பாருங்கள். மெல்லிய இதழ், சிறிய அன்பளிப்புத் தொகை, மட்டக்களப்பு, வவுனியா, யாழ்ப்பாணம், மலையகம் என்று சிதறியிருக்கும் வாசகர். அப்படிப்பட்ட இதழுக்கு அச்சுக்கோப்பு ஒரு முறைச் செலவு. முத்திரை ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனிச் செலவு. வாசகர் கூடக் கூட அதுவும் கூடும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் பல ஈழத்து இதழ்களை இன்று இலவசமாகப் படிக்கலாம். அது பெரும் கொடை. ஆனால் புதிய இதழ் கையிலெடுத்துத் திருப்பும் பொருளாக ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு அது மாற்றாகாது.

விதியைத் திருத்துவோருக்கு முன்னுதாரணம் புதிதாகத் தேடவேண்டியதில்லை. ஒரே மாதிரியான இருபது பிரதி, உள்ளே பார்க்கக்கூடிய கட்டு, தனிப்பட்ட கடிதம் இல்லாமை: இந்த மூன்றும் போதுமென்று பழைய ஒன்றிய விதிகள் ஏற்கெனவே சொல்லியிருக்கின்றன. இவற்றைச் சரிபார்க்கத் தலைநகரிலிருந்து வரும் பதிவு இலக்கம் தேவையில்லை, பொருளடக்கம் பற்றிய தீர்ப்பும் தேவையில்லை. இடைவெளி நிபந்தனை வேண்டுமென்றால் அதை ஆண்டுக்கு இரண்டு இதழ் என்று தளர்த்தலாம். சந்தாப் பட்டியலைத் தபால் அதிபரே அத்தாட்சிப்படுத்தலாம். கையெழுத்துப் பிரதிக்கும் அச்சுப்படிவத்துக்கும் இருந்த பழைய சலுகையை மின்னஞ்சல் தேவையற்றதாக்கிவிட்டது, அதை மீட்கவேண்டியதில்லை. மீட்கவேண்டியது அச்சான இதழ் வாசகரிடம் போய்ச்சேரும் இறுதிப் பாதியை: கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வரும் இரவு மெயிலில், 31000 என்ற குறியீடு எழுதிய பைக்குள், ஒரு காலாண்டிதழுக்கும் நாளிதழுக்குள்ள அதே உரிமை.